சிவப்பு நூல் மூட்டைகள்

டிசம்பர் 8

தம்பிக்கு,

நேற்று மதியம் இரண்டே காலுக்கு இங்கே பனி கொட்டியது. நாலு வருஷமாக வராத பனி.

நான் பூட்ஸுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடைக்காரி ஓடி வந்து, “அக்கா, வெளியே வந்து பாருங்க, யாரோ மேலே தலையணையக் கிழிச்சுட்டாங்க” என்றாள். போய் நின்றேன். ஐம்பத்து மூன்று வயதில் நடுத்தெருவில் வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ருசி ஒன்றும் கிடையாது. ஆனாலும் மூன்று தடவை நீட்டினேன். “மலையில போய் மேகத்தையா விக்கப் போற?” என்று கேட்டாயே, அந்த மேகம்தான் இப்போது கடை வாசலில் முழங்கால் அளவு கிடக்கிறது.

நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம். ஆகஸ்டில் பாகம் பிரித்ததிலிருந்து பதினேழு தடவை அடித்துவிட்டேன். உருளைக்கிழங்கு லாரி ஓட்டும் கொட்டாவியிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்படி ஒரு பட்டப்பெயரை வைத்துக்கொண்டு அவன் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறான். கடிதம் உன் கைக்கு வந்தால் அவன் வழியில் தூங்கவில்லை என்று அர்த்தம்.

நீ எனக்குச் செய்த துரோகத்தைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு எனக்குச் சந்தோஷம். கம்பளி என்று நம்பி நம் கிடங்கிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த அறுபது மூட்டையையும் செப்டம்பரில் ஓரத்தில் கீறிப் பார்த்தேன். அத்தனையும் தார்ப்பாய். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி, நீலம், முந்நூறு. பல் கிட்டிப்போகும் குளிரில் கம்பளிக் கடை வைக்க வந்தவளிடம் ஒரு கம்பளி இல்லை. நான் அழவில்லை. இருந்த வளையலை விற்று, கோட்டும் பூட்ஸும் வாங்கி வாடகைக்கு விட்டேன். அக்டோபரும் நவம்பரும் எப்படிப் போயின என்று எழுத மாட்டேன்.

இன்று காலை ஒரு தார்ப்பாயை எடுத்துத் தபாலாபீசுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் விரித்தேன். முன் ஓரத்தைச் சுருட்டி, வளையங்களில் கயிறு கோத்து, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “தள்ளு” என்றேன். டீக்கடைக்காரி தள்ளினாள். ஓடைப் பாலம் வரைக்கும் ஒரே வழுக்கு! உயிர் தொண்டைக்கு வந்து, கீழே போனதும் திரும்ப இறங்கியது. எழுந்து பார்த்தால் மேலே வரிசை நிற்கிறது. ஒரு சறுக்கலுக்கு இரண்டு டீ விலை என்றேன், யாரும் பேரம் பேசவில்லை. பேங்க் மேனேஜர் கையில் ஃபைலோடு சறுக்கிவிட்டு, “இன்னொரு தடவை. ஆனா ஆபீசுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். கோட்டு எடுக்க வந்த இடத்தில் அடித்துக்கொண்ட புதுப் புருஷன் பெண்டாட்டி, கீழே போய்ச் சேரும்போது ஒரே கோட்டுக்குள் இருந்தார்கள்.

பிள்ளைகளுக்கென்று எட்டு மூட்டையைப் பிரித்து, நாற்பது தார்ப்பாயைச் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டேன். மீதி ஐம்பத்திரண்டு மூட்டை அப்படியே இருக்கிறது. உன் துரோகத்துக்கு நன்றி.

அக்கா


டிசம்பர் 11

அக்கா அவர்களுக்கு,

கடிதம் நனையாமல் வந்தது. இந்தத் தெருவில் இன்றைக்கு நனையாமல் இருக்கும் பொருள் அது ஒன்றுதான்.

நீங்கள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற அதே மதியம் இங்கே இரண்டாவது புயல் அடித்தது. நவம்பர் கடைசியில் வந்த முதல் புயலில் ஓடுகள் போயின. இதில் ஓடு தாங்கிய சட்டங்களும் போய்விட்டன. தையல்காரர் வீட்டுத் தகரக் கூரை அப்படியே எழும்பிப் போய் சினிமாக் கொட்டகை வளாகத்துக்குள் விழுந்தது. திருப்பிக் கேட்கப் போனவரிடம் காவலாளி, “உள்ளே வரணும்னா டிக்கெட் எடுங்க” என்றானாம். தெருவே சிரித்தது. பிறகு அவரவர் வீட்டில் தண்ணீர் இறைக்கப் போனோம். டவர் விழுந்துவிட்டதால் இப்போது போனும் இல்லை. அதற்கு முன்னால் எடுக்காததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலம் தொடங்கும் முன் கிடங்கில் இருந்த தார்ப்பாய் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போனது யார்? எனக்கு மிஞ்சியது அறுநூறு கம்பளி. டிசம்பரில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில், அறுநூறு கம்பளி. கிடங்கில் ஒழுகிய இடத்தில் ஒன்று நனைந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நேற்று ஒரே நாளில் முப்பத்தொரு பேர் தார்ப்பாய் கேட்டு வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர், “தார்ப்பாய் கிடைக்கும்னு போர்டு மட்டும் எதுக்கு வச்சிருக்கீங்க? அதையாவது கழட்டிக் குடுங்க, மேலே போட்டுக்கறேன்” என்றார். கழற்றிக் கொடுத்துவிட்டேன். நம் கடைப் பெயர் இப்போது அவர் அடுப்படிக்குமேல் இருக்கிறது.

நீங்கள் அந்தத் தார்ப்பாயில் உட்கார்ந்து சறுக்குகிறீர்கள். நாற்பதை வெட்டியும்விட்டீர்கள்.

தம்பி


டிசம்பர் 15

தம்பிக்கு,

நீங்களாம், அவர்களாம். கோபம் வந்தால் உனக்கு மரியாதை வந்துவிடும். ஏழு வயதில் உன் பம்பரத்தை நான் உடைத்தபோதும், “நீங்க போங்க” என்றுதான் அழுதாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பிரிக்காத மூட்டைகளின் முன்னால் போய் உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே சாக்கு, ஒரே அளவு, வாயைத் தைத்த நூல் மட்டும்தான் அடையாளம். சிவப்பு நூல். சிவப்பு என்றால் கம்பளி, நீலம் என்றால் தார்ப்பாய். சூட்டுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கடை ஆரம்பித்தபோது நான் வைத்த வழக்கம் அது. இரண்டு வருஷமாகக் கிடங்கு உன் பொறுப்பு. நீ அதை மாற்றிவிட்டாயா? மாற்றினால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பாகம் பிரித்த அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார். நம் கடையில் ஒரு மூட்டை ஏறினால் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் நோட்டில் டிக் அடிக்க வேண்டும். எத்தனை வருஷமாக அப்படித்தான். அன்று நமக்குள் பேச்சில்லை. “சிவப்பு நூல் போட்டதெல்லாம் ஏத்துங்க” என்று சுமைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, உன் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று முதுகைக் காட்டி நின்றேன். அவர்களில் மூத்தவர், “அம்மா, அது வந்து...” என்று இழுத்தார். “எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்” என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆக நீ ஏமாற்றவில்லை. எழுதிவிட்டேன். இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே.

ஒரே ஒரு கேள்வி. அன்று நீ கிடங்கு வாசலில்தான் நின்றாய். எந்த மூட்டை ஏறுகிறது என்று பார்த்தாயா?

இங்கே பனி நிற்கவில்லை. முந்தாநாள் பெய்தது மாவு மாதிரி, நேற்றுப் பெய்தது பஞ்சு மாதிரி. காலையில் கதவைத் திறந்தால் ஊரையே யாரோ புதிதாக வெள்ளையடித்து, காயட்டும் என்று விட்டுப் போன மாதிரி இருக்கிறது. எனக்கு முட்டிவலி போய்விட்டது. பெரிய ஓட்டல் முதலாளி, வருஷம் முழுக்க ஒரே கோட்டில் திரிவதால் கோட்டுக்காரர் என்று பெயர், நேற்று கடைக்கு வந்தார். இருபத்தேழாம் தேதியிலிருந்து மூன்று நாள் சறுக்குப் போட்டி நடத்தப் போகிறார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பாலம் வரை சரிவு முழுக்கத் தார்ப்பாய் விரிக்க வேண்டுமாம். ஐம்பத்திரண்டு மூட்டையும் வாங்கின விலைக்கு இரண்டு மடங்கு. இந்த ஊருக்கு வந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

தெருக்காரர்களுக்கு என் வருத்தத்தைச் சொல்.

அக்கா


டிசம்பர் 19

அக்கா,

வருத்தத்தைச் சொன்னேன். தையல்காரர், “அதை எந்தப் பக்கம் விரிச்சுக் கட்டணும்?” என்று கேட்டார்.

உன் கேள்விக்குப் பதில் எழுத நாலு தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நூலை மாற்றியது நான்தான். தார்ப்பாய் மூட்டைகள் ஒழுகும் சுவரோரமாக இருந்தன. நீல நூலுக்குச் சாயம் போயிற்று, சிவப்புக்குப் போகவில்லை. அதனால் தார்ப்பாய்க்குச் சிவப்பு, கம்பளிக்கு நீலம் என்று வைத்தேன். சொல்ல நினைத்தேன். அப்போது நீ மலை, மலை என்று அலைந்துகொண்டிருந்தாய், கிடங்குப் பக்கம் வரவில்லை.

பார்த்தேன். முதல் மூட்டை ஏறும்போதே பார்த்தேன். ஓடுகிற சரக்கை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போகிறாய் என்று நினைத்தேன். பத்தாவது மூட்டை ஏறியபோது, தெரியாமல்தான் ஏற்றுகிறாயோ என்று சந்தேகம் வந்தது. கேட்கட்டும், கேட்டால் சொல்வோம் என்று நின்றேன். நீ திரும்பவே இல்லை. மலையில் போய்ப் பிரித்துப் பார்த்து அலறட்டும் என்று இருந்தது. அறுபதாவது மூட்டை வரைக்கும் எனக்கு அது இனித்தது, அக்கா. பிறகு நீ போனில் கூப்பிட்டபோதெல்லாம் அதனால்தான் எடுக்கவில்லை. போன கடிதத்தில் உன்மேல் பழி போட்டது சும்மா, வாய் ஜாலம்.

வளையலை விற்றாய் என்று எழுதியதைப் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டவில்லை.

இருபத்தேழாம் தேதி மூன்றாவது புயல் வருகிறதென்று ரேடியோவில் சொல்கிறார்கள். வந்ததில் இதுதான் பெரிதாம். தெருவில் நாற்பத்தாறு வீட்டுக்குக் கூரை இல்லை. மற்ற தெருக்களை நான் எண்ணவில்லை. பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பேர் தங்கியிருக்கிறார்கள். அங்கேயும் கூரையில் பாதிதான் இருக்கிறது. உன் மருமகள் படிக்கும் ஆறாம் வகுப்பில், அவள் பெஞ்சுக்கு நேர்மேலே வானம் தெரிகிறது. அவளுக்கு அதில் சந்தோஷம், அவள் அம்மாவுக்கு இல்லை.

“அண்ணிகிட்டக் கேளுங்க” என்று பெண்டாட்டி காலையிலிருந்து சொல்கிறாள். “எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?” என்றேன். “இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டுத்தான். கேக்காமலே குடுக்க அவங்க என்ன ஜோசியமா பாக்கறாங்க?” என்கிறாள்.

நான் கேட்கவில்லை. தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

தம்பி


டிசம்பர் 23

தம்பிக்கு,

உன் கடிதம் முந்தாநாளே வந்துவிட்டது. இரண்டு நாள் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்தேன். நீ அறுபது மூட்டைக்கு வாய் திறக்கவில்லை என்றால் நான் இரண்டு நாளைக்குக் கை திறக்கவில்லை. இரண்டு மடங்கு விலை, தம்பி. அதுவும் நாலு மாசம் பட்டினியாகக் கிடந்த கடைக்கு.

நேற்று மதியம் கடைசி ஆட்கள் சறுக்கி முடித்த பிறகு நானும் ஒரு தடவை போனேன். பாலத்துக்குப் பத்தடி முன்னால் தார்ப்பாய் குப்புறக் கவிழ்ந்து என்னை மூடிக்கொண்டது. அடி ஒன்றும் இல்லை. உள்ளே சுற்றிலும் நீலமாக இருந்தது. மேலே பனி விழும் சத்தம் கேட்டது, எனக்கு ஒரு துளி படவில்லை. கை தானாக நீண்டு அளந்தது. வியாபாரக் கை, அது சும்மா இருக்காது. படுத்தால் ஐந்து பேர், உட்கார்ந்தால் ஒன்பது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன். டீக்கடைக்காரி ஓடி வந்து தூக்கிப் பார்த்து, “உசுரோட இருக்கீங்களா?” என்றாள். “இருக்கேன். கொட்டாவி வண்டி கிளம்பிடுச்சா?” என்றேன்.

கிளம்பவில்லை. ஆனால் மலைப்பாதையை இன்று மதியத்தோடு மூடுகிறார்கள். வண்டியிலோ நாற்பது மூட்டை உருளைக்கிழங்கு.

“இறக்கு” என்றேன்.

“கிழங்க என்னக்கா பண்றது?”

“நான் வாங்கிக்கறேன்.”

“மொத்தமுமா?”

அவன் கொட்டாவி விடாமல் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போது கடைக்குள் பூட்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கிழங்கு மூட்டைமேல் ஏறி இறங்க வேண்டும்.

கோட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். “நீங்க வியாபாரியா, தர்மகர்த்தாவா?” என்று கேட்டார். “வியாபாரிதான். அதான் பழைய வாடிக்கைய விடறதில்ல” என்றேன். போட்டிக்கு வேண்டுமானால் வெட்டின துண்டுகளைத் தருகிறேன் என்றும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு மூட்டையும் ஏறிவிட்டது. நான் உரக்கச் சொன்னேன், டீக்கடைக்காரி டிக் அடித்தாள். இருநூற்று அறுபது தார்ப்பாயில் ஒன்று குறையும். அந்த ஒன்று என்னிடம் இருக்கிறது, என்னைக் கவிழ்த்தது.

விலையைப் பற்றி இப்போது பேச்சில்லை. முதலில் கட்டு. ஒவ்வொரு வளையத்திலும் கயிறு இரண்டு சுற்று. ஒரு சுற்றோடு விட்டால் பறந்துவிடும், சொல்லிவிட்டேன்.

மருமகள் பெஞ்சுக்குமேல் முதலில் போடு.

அக்கா


டிசம்பர் 29

அக்கா,

நிற்கிறது! தெருவே நீலமாக நிற்கிறது.

கொட்டாவி இருபத்து நாலாம் தேதி மாலை வந்தான். பாதை மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் தாண்டினானாம். வண்டியைப் பார்த்ததும் தெரு ஓடி வந்தது. மூன்று தெரு ஓடி வந்தது. முண்டியடிக்காமல் இருக்க, நான் கடை மேசைமேல் ஏறி நின்று, “ஒன்னு, தையல்காரர்!” என்று கத்தினேன். பெண்டாட்டி டிக் அடித்தாள். “ரெண்டு, இஸ்திரிக்காரம்மா!” டிக். தொண்டை கட்டிப் போயிற்று. நாலு மாசமாகக் கிடங்கில் நான் யாருக்கும் உரக்கச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இருபத்தைந்து, இருபத்தாறு இரண்டு நாளும் கூரைமேலேயே இருந்தோம். தையல்காரர் தன் பெரிய ஊசியோடு வந்து மூலை மூலையாக வளையம் இருக்கும் ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபுகளை வெட்டிக் கயிறு அறுக்காமல் இருக்கச் சுற்றினார். உன் மருமகள் கீழே நின்று ஒவ்வொரு வளையமாகப் பார்த்து, “அப்பா, அத்தை ரெண்டு சுத்துன்னு எழுதியிருக்காங்க” என்று கங்காணி வேலை பார்த்தாள். பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் பதினெட்டு போயிற்று.

இருபத்தேழு காலை எட்டு மணிக்கு வந்தது. பள்ளிக்கூடக் கூடத்தில் தெருவே இருந்தது. மேலே தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. எல்லாரும் அண்ணாந்தபடியே இருந்தோம். ஒரு மணி, இரண்டு மணி. தரை காய்ந்தே கிடந்தது. நான் கம்பளி மூட்டைகளைப் பிரித்தேன். கூரை இருந்தால்தான் கம்பளிக்கு மரியாதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நனைந்து நனைந்து விறைத்துப் போயிருந்தவர்கள் ஆளுக்கொன்றைப் போர்த்திக்கொண்டார்கள். மதியம் காற்று நின்றது. சைக்கிள் கடைக்காரர் முதலில் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து, “அத்தனையும் இருக்கு” என்றார். அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுத எனக்கு வராது.

பறந்தது ஒன்றே ஒன்று. நம் கடைமேல் போட்டது. கடைசியாக, அவசரத்தில், ஒரு சுற்றோடு விட்டுவிட்டேன். உன் மருமகள் என்னோடு பேசவில்லை.

போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் புகை படிந்திருக்கிறது.

கம்பளியில் நூற்று எழுபது போயிற்று. மீதி நானூற்று முப்பதையும் பாதை திறந்ததும் அனுப்புகிறேன். நீல நூல். நானே தைத்தேன். விலை சொல்.

தம்பி


ஜனவரி 4

தம்பிக்கு,

நாற்பத்து மூன்று மூட்டையும் வந்தது. இரண்டு நாளில் பாதி விற்றுவிட்டது. இங்கே இப்போது மூச்சு விட்டால் அது தனியாக நடந்து போகிறது.

கோட்டுக்காரர் போட்டியை வெட்டின துண்டுகளில்தான் நடத்தினார். வேறு வழி இல்லை அவருக்கு. துண்டு சின்னது, வேகம் அதிகம், கூட்டத்துக்கு அதுதான் பிடித்துப் போயிற்று. கடைசி நாள் அவரே கோட்டோடு சறுக்கினார். கோட்டு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். கிழங்கில் இருபது மூட்டையை டீக்கடைக்காரி வேகவைத்து விற்றுவிட்டாள். மீதி இருபதுக்குள் நான் வளைந்து நெளிந்து போய்வருகிறேன்.

கேட்டாயே, விலை. தார்ப்பாய் வாங்கின விலைக்கு. தெருக்காரர்களிடம் அதற்குமேல் நீ ஒரு காசு வாங்கினாலும் கொட்டாவி என்னிடம் சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்துக்குப் போன பதினெட்டுக்கும், போர்த்திக்கொண்ட நூற்று எழுபதுக்கும் விலை கிடையாது, அது நம் இருவர் பெயரிலும் பாதிப் பாதி. எனக்கு வந்த கம்பளியும் வாங்கின விலைக்கே. லாரி வாடகை கீழே போனது என்னுடையது, மேலே வந்தது உன்னுடையது. மிச்சக் கிழங்கு இருபது மூட்டையும் உன் தலையில். வாசலில் நின்று வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் அபராதம். நூல் உன் வழக்கப்படியே இருக்கட்டும், சாயம் போகாத நூல்தான் மழைக்குப் போக வேண்டும். ஆனால் அதை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டு, எனக்கும் ஒன்று அனுப்பு.

பிரித்த பாகத்தை மறுபடி சேர்க்க வேண்டாம். கடை இரண்டாகவே இருக்கட்டும், சரக்கு மேலும் கீழும் போய்வரட்டும். ஒரே ஒரு நிபந்தனை. நமக்குள் பேச்சு இருக்கிறதோ இல்லையோ, மூட்டை ஏறும்போது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் டிக் அடிக்க வேண்டும்.

சம்மதமென்றால் பதில் எழுத வேண்டாம், மூன்று பேரும் கொட்டாவி வண்டியில் ஏறி வாருங்கள். அந்த ஒரு தார்ப்பாயை வெட்டாமல் வைத்திருக்கிறேன், நாலு பேர் தாராளமாக உட்காரலாம். சறுக்கலுக்கு இரண்டு டீ விலை. மருமகளுக்கும் அவள் அம்மாவுக்கும் இலவசம். உனக்கு முழுக் கட்டணம்.

அக்கா